மூடாத ஃபைல்

பேய்க்கு ராத்திரிதான் வசதி என்று யார் சொன்னது? நான் சொல்லப்போவது பட்டப்பகலில் தொடங்குகிறது. பிற்பகல் மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்.

நீர்த்தேக்கத்துக்குப் போகிற சாலை. அடிகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகப் போகும். இரண்டு பக்கமும் பொட்டல். ஈ காக்காய் இருக்காது. இளகிய தாரில் டயர் ஒட்டி ஒட்டி விடுபடுகிற சத்தம்... சர்ர்... சர்ர்... அவ்வளவுதான். அந்தச் சாலையில் ஒருவன் பைக்கில் போனான். தோளில் கேமராப் பை. போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை.

கிட்டே வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. நம் ஒல்லி இருக்கிறானே, அவனுடைய கூடப்பிறந்த அக்கா வீட்டில் நடந்தது. ஒல்லி பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவனுக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் வீடியோ எடிட்டர். வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அவரை ‘அண்ணன்’ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவருக்கு ஒரே ஒரு தம்பி. தம்பி கேமரா பிடிப்பான், அண்ணன் வெட்டி ஒட்டுவார். கல்யாணம், பள்ளிக்கூட விழா, கடைத் திறப்பு... எது வந்தாலும் இந்த இரண்டு பேர்தான். தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம். கேமராவை ஓட விட்டால் நிறுத்த மனசு வராது. எல்லாரும் கலைந்து, நாற்காலியை அடுக்குகிறவரை எடுத்துக்கொண்டிருப்பான். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். இவன் எடுப்பதைப் பார்த்து முடிக்கவே எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும் என்பார்.

தம்பிக்கு மனைவி உண்டு. அக்கா அவளைச் ‘சின்னவள்’ என்பாள். பேச்சு அப்போதுதான் நன்றாக வந்திருந்த ஒரு பெண் குழந்தையும் உண்டு.

அன்றைக்கு ஒரு ஜோடியைப் படகில் வைத்துப் படம் எடுக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் எடுப்பார்களே, அது. ஜோடி மிதவைச் சட்டை போட்டிருந்தது. தம்பியும் போட்டுக்கொண்டுதான் ஏறினான். கேமரா வாரில் அது இடிக்கிறது என்று நடுத் தண்ணீரில் கழற்றி வைத்தான். மாப்பிள்ளை ஒரு நல்ல படத்துக்காக எழுந்து நின்றார்... படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஜோடி பிழைத்தது. படகுக்காரர் பிழைத்தார்.

தம்பி மேலே வரவே இல்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். முக்குளித்துத் தேடினார்கள். கேமரா கிடைத்தது. படகு கவிழ்ந்த இடத்திலேயே சேற்றில் செருகி நின்றதாம். ஆள் கிடைக்கவில்லை. நீர்த்தேக்கம் சின்னதில்லை. அடியில் பழைய மரங்கள், கட்டடங்கள் என்று என்னென்னவோ கிடக்கின்றன. நாள்கள் போகப் போகத் தேடுகிறவர்களின் முகத்தில் வேறு ஒரு பார்வை வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், அது எந்தப் பார்வை என்று.

உடல் கிடைக்காத வீடு இருக்கிறதே... அங்கே அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. சின்னவள் தினமும் வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கேமராவைத் திறந்து மெமரி கார்டை எடுத்தார் அண்ணன். பாசி நாற்றம். துடைத்துக் காய வைத்து, கம்ப்யூட்டரில் போட்டார். அதிசயம், எல்லா கிளிப்புகளும் இருந்தன. ஒன்றுகூடக் கெடவில்லை. அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. அப்படியே ஒரு ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கேமராவை ஒரு துணிப்பையில் சுற்றி அலமாரியில் பூட்டினார்.

சின்னவள்தான் வந்து கேட்டாள். யோசித்துப் பாருங்கள், கேமரா பிடிக்கிறவன் எந்தப் படத்திலும் இருக்க மாட்டான். அவள் கல்யாண வீடியோவில்கூடப் பாதிநேரம் மாப்பிள்ளை கேமராக்காரனுக்கு யோசனை சொல்லிக்கொண்டு திரைக்கு வெளியேதான் நின்றிருந்தான். அவளிடம் அவனுடைய படமே அதிகம் இல்லை. ஆனால் குரல் உண்டு. எல்லா கிளிப்பிலும் உண்டு. கேமராவுக்குப் பின்னாலிருந்து, “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க”, “சிரிங்க, பல்லுக்கு வரி கிடையாது” என்று.

“அவரு பேசினத மட்டும் வெட்டி ஒண்ணாச் சேத்துக் குடுங்க மாமா. மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல.”

எப்படி மாட்டேன் என்பார்? சரி என்றார்.

அண்ணனின் எடிட்டிங் அறை ஒரு மாடியில். கீழே மெத்தைக் கிடங்கு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மேஜையில் இரண்டு திரை, மேஜைக்கடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் கம்ப்யூட்டர். பகலிலும் அங்கே சாயங்காலமாகத்தான் இருக்கும். காலையில் போய் உட்கார்ந்தார். பழைய வேலைகளிலிருந்து தம்பியின் குரல் வரும் இடமாக எடுத்து டைம்லைனில் வரிசையாக வைத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வேலை போனது. கடைசியாக, நீர்த்தேக்கத்தில் எடுத்த கிளிப்புகள்.

முதல் கிளிப், இரண்டாவது கிளிப்... சரி. கடைசி கிளிப்பை இழுத்து விட்டார்.

நின்றது.

மவுஸ் அம்பு நகரவில்லை. வட்டம் சுற்றியது. சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரின் காற்றாடி உறும ஆரம்பித்தது. ரொம்ப நேரம் கழித்துப் படம் ஒரு சட்டகம், ஃபிரேம் என்பார்களே, அவ்வளவு நகர்ந்தது. பிறகு நின்றது. பிறகு இன்னொன்று.

எடிட்டருக்கு இது புதிதா? தினமும் நடப்பதுதான். அண்ணன் பதறவில்லை. மற்ற எல்லாவற்றையும் மூடினார். படத்தின் தரத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டினார். பிறகு காலாக. மென்பொருள் சேர்த்து வைக்கும் தற்காலிகக் குப்பையை, கேஷ் என்பார்களே, அதைத் துடைத்தார். கனமான கிளிப்புக்குப் பதிலாக லேசான நகல் ஒன்று செய்து, அதை வைத்து வேலை பார்ப்பது உண்டு. அதையும் செய்யப் பார்த்தார். நகல் எடுக்கும் பட்டை தொண்ணூற்றொன்பது சதவீதம்வரை போனது. அங்கேயே நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்தும் தொண்ணூற்றொன்பது. மறுநாள் காலையிலும் தொண்ணூற்றொன்பது.

மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். கம்ப்யூட்டருக்கு ராம் மெமரி கூட்டினார். புது டிஸ்க் வாங்கி மாற்றினார். ஒன்றும் வேலைக்காகவில்லை. இதில் ஒரு வேடிக்கை. மற்ற கிளிப்புகள் எல்லாம் சிட்டாய்ப் பறந்தன. இது ஒன்றுதான்... மாட்டைச் சேற்றில் இழுப்பதுபோல.

இன்னொன்றும் சொன்னாராம் அக்காவிடம். இந்தக் கிளிப் ஓடுகிறபோது மட்டும் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து வரும் சூடான காற்றில் பாசி வாடை அடிக்கிறது என்று. அக்கா, சட்டையை மாற்றுங்கள் என்று சொன்னாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஒரு பெண்மணி அந்தத் தெருவில் உண்டு. எடிட்டர்கள் எல்லாருக்கும் அவர்தான் கதி. ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுவார்கள். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. வந்தார். ஒரு மணி நேரம் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஷின் மேல தப்பில்லண்ணே. இந்த ஃபைலு இன்னும் மூடல.”

அப்படியென்றால்?

“கேமரா ஓடுறப்ப ஃபைல் திறந்தே இருக்கும். நிறுத்தினாத்தான் மூடும். இது மூடல. வளந்துகிட்டே இருக்கு. அதான் சாஃப்ட்வேர் திணறுது. அது படிச்சு முடிக்கறதுக்குள்ள மேல எழுதிடறாங்க.”

“யாரு?”

டாக்டரம்மா எழுந்தார். சுவரிலிருந்து நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினார். வைஃபையை அணைத்தார். ஃபைலின் அளவைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, ஒயரைக் கழற்றி, தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மின்சாரமே இல்லாத டிஸ்க். கைப்பைக்குள். மறுநாள் காலையில் கொண்டுவந்து செருகினார்.

ஓர் இரவு அளவுக்குக் கூடியிருந்தது.

டாக்டரம்மா அந்த டிஸ்க்கை மேஜையில் வைத்தார். நல்ல டிஸ்க். திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. படியில் இறங்கும்போது, அழித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் அழித்தார். அழித்ததை அழித்தார். அடுத்த நாள் அதே ஃபோல்டரில், அதே பெயரில் இருந்தது. இன்னும் நீளமாக.

அப்போதுதான்... பார்ப்பது என்று முடிவு செய்தார். ஓடாது, சரி. ஆனால் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்க்கலாம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

ஜோடி சிரிக்கிறது. மாப்பிள்ளை எழுந்து நிற்கிறார். வானம். ஒரு துடுப்பு. பச்சை. பிறகு பழுப்பு. பிறகு கறுப்பு. அதன் பின்னால்... கறுப்புதான். நாள்கணக்கில் கறுப்பு. சத்தம் மட்டும் திணறாமல் ஓடியது. காதுக்குள் தண்ணீர் போனால் கேட்குமே, அந்த அடைத்த சத்தம். எங்கோ இரும்பில் ஏதோ இடிக்கிறது. டொக்... கொஞ்ச நேரம் கழித்து, டொக்...

கிளிப்பின் கடைசிக்குப் போனார். நேரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிச் சட்டகம் எடுக்கப்பட்டது, இப்போது.

கேமரா அலமாரியில், துணிப்பைக்குள், பூட்டி இருக்கிறது. படம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எடிட்டர் ஆயிற்றே, கை சும்மா இருக்குமா? கறுப்பில் வெளிச்சத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்டப் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. கலங்கல். ஒரு சிமெண்டுச் சுவர். சுவரில் இரும்புப் படிகள், துருப்பிடித்து. பக்கத்தில் வெள்ளை வண்ணத்தில் எழுதிய அளவு எண்கள், பாதி உரிந்து. அந்தக் காலத்துப் பம்பு கிணறு. நீர்த்தேக்கத்தின் மறுகரையில் மூழ்கிக் கிடப்பது; தண்ணீர் வற்றிய ஒரு கோடையில் அவர் பார்த்திருக்கிறார். படகு கவிழ்ந்த இடத்துக்கும் அதற்கும் எங்கேயோ தூரம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை மங்கியது. லென்சில் சேறு படிந்ததுபோல. மங்கி, மங்கி... அப்புறம் ஒரு விரல் வந்தது. கட்டை விரல். மேலிருந்து கீழாக, மெதுவாக, ஒரு துடைப்பு. பிறகு திரும்பவும் தெளிவு.

கேமராக்காரன் துடைப்பானே... அப்படியே.

இதைச் சின்னவளிடம் அவர் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் அவர் கீழே போயிருந்தபோது அவள் வந்து, ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். அவள் அழவில்லை. ரேடியோவில் பிடித்த நிகழ்ச்சி கேட்பதுபோலத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு... முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒரு தெளிச்சி.

“உயிரோட இருக்காரு மாமா” என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுக் காலையில் வருவாள், அறை பூட்டும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். அண்ணன் மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். வாடிக்கைக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. யார் கண்டார்கள், ஒருவேளை... அந்த ‘ஒருவேளை’ இருக்கிறதே, அது கொடியது. முழுசாகக் கொல்லவும் செய்யாது, பிழைக்கவும் விடாது.

கடைசியில் அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போனார். பம்பு கிணற்றில் தேடிப் பாருங்கள் என்று கெஞ்சினார். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். தம்பிக்கு நீச்சல் தெரியும், நீந்தி அந்தக் கரைக்குப் போயிருப்பான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். நம்பவில்லை. ஆனாலும் போனார்கள், பாவம் பார்த்து.

இருந்தான். அடி ஆழத்தில். இரும்புப் படிக்கும் சுவருக்கும் நடுவில் செருகி. காலில் செருப்பு ஒன்று பாதி கழன்று, தண்ணீர் அசையும்போதெல்லாம் படியில் இடித்துக்கொண்டிருந்ததாம்.

பரிசோதித்த மருத்துவர், விழுந்த அன்றைக்கே இறந்திருக்கிறான் என்றார். விழுந்த அன்றைக்கே, அதே சாயங்காலமே. சந்தேகமே இல்லை என்றார்.

அடக்கம் செய்தார்கள். சின்னவள் உடலைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். கூட்டத்தில் ஒருத்தியாக, யாருடைய காரியத்துக்கோ வந்தவள்போல நின்றாள். அக்கா அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு ஒரு தடவைகூட நடுங்கவில்லை என்று அக்கா பின்னால் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது என்றாள்.

சரி, முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். உடல் கிடைத்தாயிற்று, மண்ணில் வைத்தாயிற்று. இனி என்ன? அடக்கம் முடிந்த மறுநாள் மாடியேறிப் போனார். கம்ப்யூட்டரைத் திறந்தார்.

எண் ஏறிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனை மாட்டினார். தண்ணீர்ச் சத்தம் இல்லை. இரும்பில் இடிக்கும் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. காதை அமுக்குகிற ஓர் அமைதி. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார். எவ்வளவு கூட்டினாலும் வெறும் கறுப்பு. தம்பியை எங்கே வைத்துவிட்டு வந்தோம் என்று அவருக்குத் தெரியும் இல்லையா... அந்த இடத்தில் இப்படித்தான் இருக்கும் இல்லையா...

அந்த மனுஷன் அன்றைக்கு உட்கார்ந்து அழுதார். வெறும் திரையைப் பார்த்து அழுதார். பழக்க தோஷம் பாருங்கள், கேமராவை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை தம்பியைத் திட்டியிருப்பார். அப்படியே திட்டினார். திட்டுகிற குரலும் இல்லை அது.

“போதும்டா தம்பி. நிறுத்திடு. அண்ணன் சொல்றேன்ல... போதும்.”

எண் நின்றது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நின்றுவிட்டது. கம்ப்யூட்டரின் காற்றாடி மெல்ல மெல்லத் தணிந்து அடங்கியது. அறை முழுக்க அமைதி. கீழே மெத்தைக் கிடங்கில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது.

அப்புறம் ஹெட்ஃபோனில், காதோரமாக, மூச்சு வாங்க வாங்க...

“இன்னும் கொஞ்சம்தாண்ணே. வீட்டையும் எடுத்துட்டு வந்துடறேன்.”

எண் ஏற ஆரம்பித்தது.

அண்ணன் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அக்காவிடம் சொன்னார். அக்கா அடுத்த நாளே மாடி அறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். சின்னவளிடம் என்ன சொல்வது என்று இரண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அறை பூட்டியிருக்கிறது என்றால் அவள் சும்மா விடுவாளா?

சின்னவள் வரவே இல்லை.

ஒரு நாள், இரண்டு நாள்... வாரம் ஆயிற்று. அவள் மாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்காவுக்குப் பெரிய நிம்மதி. பாரம் இறங்கியதுபோல. அவள் மனம் தேறி வருகிறாள், வீட்டைச் சுத்தம் செய்கிறாள், புதுத் திரைச்சீலை தைத்து மாட்டியிருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். குழந்தை மட்டும் அக்கா வீட்டிலேயே இருந்தது. அம்மாவிடம் போகலாம் என்று கூப்பிட்டால் வர மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்பா இல்லாத வீடு, குழந்தைக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தார்கள்.

அண்ணனுக்கு அரிப்பு விடவில்லை. ஒரு பிற்பகலில், அக்கா தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கடைசியாக ஒரே ஒரு தடவை.

மென்பொருள் திணறவே இல்லை. கிளிப் தண்ணீர் போல ஓடியது. படம் இன்னும் கறுப்புதான். ஆனால் சத்தம் இருந்தது. மின்விசிறிச் சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச். எங்கோ குழாய் சொட்டுகிறது. பாத்திரம் வைக்கிற சத்தம். அது மண்ணுக்கடியில் கேட்கிற சத்தம் இல்லை. ஒரு வீடு. அவர் அடிக்கடி போய் வந்த வீடு.

பிறகு சின்னவளின் குரல். மிகவும் கிட்டே. தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாது என்பதுபோலச் சன்னமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன சமைத்தாள், பக்கத்து வீட்டுக்காரி என்ன கேட்டாள், துணி இன்னும் காயவில்லை... புருஷனிடம் பேசுகிற பேச்சு. நடு நடுவே நிறுத்தி, மெதுவாகச் சிரித்தாள்.

அவர் ஃபோனை எடுத்தார். ஒரு காதில் ஹெட்ஃபோன், இன்னொரு காதில் ஃபோன். அவள் எண்ணை அழுத்தினார். ஹெட்ஃபோனில் பேச்சு நின்றது. எழுந்து நடக்கிற கொலுசுச் சத்தம் கேட்டது.

“எங்கம்மா இருக்க?” என்று கேட்டார்.

“வீட்டுலதான் மாமா. ஏன்?”

இந்தப் பதில் அவர் காதில் இரண்டு தடவை விழுந்தது. ஃபோனில் ஒரு தடவை. அதற்கு முன்னாலேயே, ஹெட்ஃபோனில் ஒரு தடவை.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தவர் அதை அப்புறம் தொடவில்லை. கம்ப்யூட்டர், திரை எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அறையைக் காலி செய்தார். இப்போது ஒரு மருந்துக் கடையில் உட்கார்ந்து கணினியில் பில் போடுகிறார். யாராவது ஃபோனில் வீடியோ ஓட்டினால் எழுந்து வெளியே போய்விடுவாராம். அக்கா சின்னவளை எங்கள் வீட்டுக்கே வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். நேரில் போயும் கூப்பிட்டாள். அவள் வாசலிலேயே நின்று, சிரித்த முகமாக, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் அக்கா என்று சொல்லி அனுப்பிவிடுவாள். உள்ளே வா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மெலிந்து, எலும்பும் தோலுமாக இருக்கிறாள். கண் மட்டும் மினுமினு என்று இருக்கும். யாரை வைத்து, என்ன சொல்லி அவளை வெளியே கொண்டுவருவது? அண்ணன் இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே தலையைக் குனிந்துகொள்கிறார். அவ்வளவுதான், கைமீறிப் போய்விட்டது என்று அக்காவுக்கும் தெரியும்.

ஆனாலும் தினமும் சாயங்காலம் அக்கா ஃபோன் செய்வாள். குழந்தையைப் பேச வைப்பாள். அக்கா எது கேட்டாலும் சின்னவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். சாப்பிட்டாயா என்றால் ஒரு சின்ன மௌனம். தூங்கினாயா என்றால் ஒரு சின்ன மௌனம். பக்கத்தில் இருக்கிற யாரிடமோ கேட்டுவிட்டுச் சொல்வதுபோல.

நேற்றுச் சாயங்காலம் ஒல்லி அங்கேதான் இருந்தான். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. குழந்தை அக்காவின் மடியில். அக்கா வழக்கம்போலக் கேட்க வாயெடுத்தாள், குழந்தையைப் பார்க்க எப்போது வரப்போகிறாய் என்று. ‘குழந்தைய...’ என்றுதான் சொல்லியிருப்பாள்.

கேள்வி முடியவில்லை. மௌனமும் இல்லை.

“நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்க்கா.”